கவிதைக்கு முன்னால் வந்து நிற்கும் கலைச்சொற்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயத்தையும் உயர்தரத்தில் ஆங்கிலத்தையும் பாடமாக எடுக்கும் தமிழ் மாணவர்களுக்கு இலக்கியக் கலைச்சொற்கள் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பது பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சக ஆசிரியர்களுடனும் பெற்றோருடனும் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நீண்ட காலமாக இப்பாடத்தைக் கற்பித்து வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வகுப்புத் தொடங்கிய முதல் மாதத்திலேயே மாணவர் கையில் ஒரு போட்டோக்கொப்பித் தாள் கொடுக்கப்படுகிறது. அதில் மெற்றபர் (உருவகம்), சிமிலி (உவமை), அலிற்றரேசன் (அடுத்தடுத்த சொற்கள் ஒரே மெய்யொலியில் தொடங்குவது), ஐறனி (முரண்நகை) என்று கலைச்சொற்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரியில் வரைவிலக்கணம் இருக்கும். ஒரு கவிதையைக்கூட வாசிப்பதற்கு முன்னர் அத்தாள் முழுவதும் மனனமாகிவிடுகிறது. பின்னர் விடைத்தாளில், “இக்கவிதையில் மெற்றபரும் அலிற்றரேசனும் பேர்சனிபிக்கேசனும் (உயிரற்றதை ஆளாகக் காட்டுதல்) கையாளப்பட்டுள்ளன, அவை கவிதைக்கு அழகு சேர்க்கின்றன” என்ற வாக்கியம் வருகிறது. உலகத்திலுள்ள எந்தக் கவிதைக்கும் பொருந்தக்கூடிய அந்த வாக்கியம், கேள்வியில் தரப்பட்ட கவிதையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதற்குப் புள்ளி குறைந்தால் பரீட்சகரைக் குறைகூற முடியாது.

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1818இல் வெளியிட்ட ஒசிமாண்டியாஸ் கவிதையை எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு சிலையின் பீடத்தில், மன்னர்க்கு மன்னன் ஒருவன், வலியோரே என் செயல்களைப் பாருங்கள், பார்த்து நம்பிக்கை இழந்துபோங்கள் என்ற கருத்தில் பொறித்துவைத்திருக்கிறான். சுற்றிலும் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. “இங்கே ஐறனி உள்ளது” என்று எழுதும் மாணவர் சொன்னது சரிதான், ஆனால் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தனக்கு நிகராக எவராலும் எதையும் கட்ட முடியாது என்று பகைவர் மனமுடைய வேண்டும் என்பதே மன்னனின் எண்ணம். இன்று அதே சொற்களை வாசிக்கும் வலியோர், தங்கள் அதிகாரமும் இப்படித்தான் மணலாகும் என்று கண்டு மனமுடைய வேண்டியிருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்து ஒன்றுகூட மாறாமலிருக்க, அதன் பொருள் முற்றாகப் புரண்டுவிட்டது. இதை எழுதிய மாணவருக்கு ஐறனி என்ற பெயர் மறந்துபோயிருந்தாலும், அவர் அக்கவிதையை விளங்கிக்கொண்டவரே ஆவார்.

எங்கள் பிள்ளைகள் பெரிதும் அஞ்சுவது யாப்பைப் பற்றிய கேள்விகளுக்குத்தான். ஐயாம்பிக் பென்ராமீற்றர் என்ற பெயரைக் கேட்டவுடனேயே பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மெலிந்த அசை ஒன்றும் அழுத்தம் பெற்ற அசை ஒன்றும் சேர்ந்து ஒரு சீராகி, அத்தகைய ஐந்து சீர்கள் ஓர் அடியாவது என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. 1609இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் பதினெட்டாவது சொனற் (பதினான்கடிக் கவிதை), “ஷல் ஐ கம்பெயர் தீ ரு எ சம்மர்ஸ் டே” என்று தொடங்குகிறது. இதை மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தால் ஐ, பெயர், ரு, சம், டே என்ற ஐந்து இடங்களில் தட்டு விழும். தமிழ் யாப்பின்படி ‘சம்மர்’ என்ற சொல்லை அலகிட்டால், அதாவது அசைகளாகப் பிரித்தால், நேர் நேர், அதாவது தேமா. இரண்டு அசைக்கும் ஒரே மதிப்பு. ஆங்கிலக் காதுக்கோ முதல் அசை மட்டுமே வலியது. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கணக்கிடுகிறது, ஆங்கில யாப்பு குரலின் அழுத்தத்தைக் கணக்கிடுகிறது என்ற இந்த ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதே சொல் நான்காம் சீரிலும் ஐந்தாம் சீரிலும் பிளவுபட்டு நிற்பதைக் காட்டி, இது சீருக்காகச் சொல்லைப் பிளக்கும் நம்முடைய வகையுளி போன்றதே என்று சொல்லும்போது, அலகிட்டுப் பழகிய பிள்ளையின் முகத்தில் தெளிவு தோன்றுவதைக் காண்கிறேன்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தின் இறுதிக் காட்சியையே விடையாகத் தருவேன். இறந்த மகளைக் கையில் ஏந்திய தந்தை, அவள் இனித் திரும்பி வரமாட்டாள் என்பதை “நெவர்” என்ற சொல்லை ஐந்து முறை அடுக்கிச் சொல்கிறார். அந்த அடி முழுவதும் அவ்வளவுதான். சீர்கள் ஐந்தே, ஆனால் ஒவ்வொரு சீரிலும் அழுத்தம் முன்னே வந்து மெலிவு பின்னே போகிறது. நாடகம் நெடுகக் கேட்டுப் பழகிய நடை அந்த ஓரடியில் தலைகீழாகிறது. வழமையான ஓசை எது என்று அறியாதவருக்கு அது உடைந்ததும் கேட்காது.

தமிழறிவு கைகொடுக்கும் இடங்களும் உண்டு, வழிதவறச் செய்யும் இடங்களும் உண்டு. அலிற்றரேசன் என்றால் மோனை என்று சொல்லி நகர்ந்துவிடுவது பின்னதற்கு எடுத்துக்காட்டு. நம் மோனையில் மெய்யுடன் உயிரும் ஒத்துவர வேண்டும். காவுக்குக் கவும் கையும் மோனையாகும், கி ஆகாது. ஆங்கிலத்தில் மெய்யொலி ஒத்தால் போதும். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட மாலுமிக் கவிதையில் கப்பல் நீரைக் கிழித்துச் செல்லும் அடியை, “த ஃபரோ ஃபொலோட் ஃப்ரீ” என்று வாயால் சொல்லிப் பார்த்தால் மூன்று சொற்களிலும் உயிரொலி வெவ்வேறாக இருப்பது தெரியும். மோனையை மட்டும் தேடும் தமிழ் மாணவர் அங்கே எதையும் காணாமல் போய்விடுவார்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் ‘வாரல்’ என்று கைகாட்டி மறிப்பதுபோல அசைந்தன என்பதைத் தற்குறிப்பேற்ற அணிக்கு உதாரணமாக நாம் அனைவரும் படித்திருக்கிறோம். இயற்கையின் மீதும் உயிரற்ற பொருளின் மீதும் மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்லும் இதற்கு நெருங்கிய ஒன்றை ஜோன் ரஸ்கின் 1856இல் பத்தெற்றிக் ஃபாலஸி என்று பெயரிட்டு, உணர்ச்சிவசப்பட்ட மனத்தின் பிழையான காட்சி என்று விமர்சித்தார். நம் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அணியாகக் கொண்டாடியதை ஓர் ஆங்கிலேயத் திறனாய்வாளர் குறையாகக் கண்டார் என்பதை அறியும் மாணவர், கலைச்சொற்களுக்குப் பின்னால் விருப்பு வெறுப்புகளும் காலமும் இருப்பதை உணர்வார். உயர்தர வகுப்பில் இதை ஒரு பாடவேளை முழுவதும் விவாதிக்கலாம்.

வருத்தம் என்னவென்றால், சாதாரண தரத்தில் தமிழ் இலக்கிய நயமும் ஆங்கில இலக்கிய நயமும் ஒரே தொகுதிப் பாடங்களாக இருப்பதால் மாணவர் ஒன்றை மட்டுமே தெரிவுசெய்ய முடிகிறது. ஆங்கில இலக்கியத்துக்குச் செல்பவருக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் என்ற கட்டாய பாடத்தில் கிடைக்கும் அணியும் யாப்புமே மிச்சம். ஆகவே பாடசாலைகளில் தமிழ் ஆசிரியரும் ஆங்கில இலக்கிய ஆசிரியரும் தவணைக்கு ஒருமுறையாவது ஒன்றாக ஒரு பாடவேளையை நடத்துமாறு அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குச் சுற்றுநிருபமோ நிதியோ தேவையில்லை; நேரசூசியில் ஒரு சிறு மாற்றம் போதும். பெற்றோரும் பிள்ளையிடம் எத்தனை கலைச்சொற்கள் பாடமாயின என்று கேட்பதை விடுத்து, இன்று படித்த கவிதையைச் சத்தமாக வாசித்துக் காட்டு என்று கேட்கலாம். ஆங்கிலம் அறியாத தாய்க்கும் ஓசை கேட்கும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கல்விப் பக்கத்தில் மாதிரி வினாத்தாள்களுக்கு ஒதுக்கும் இடத்தில் வாரம் ஒரு கால்பத்தியை இதற்குத் தந்துதவுங்கள். பாடத்திட்டத்திலுள்ள ஒரு கவிதையிலிருந்து நான்கு அடிகள், அவற்றில் கேட்கும் ஒலி அல்லது தோன்றும் காட்சி, இறுதியாக மட்டும் அதன் கலைச்சொல் என்ற ஒழுங்கில் அது அமையட்டும். எழுதித் தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்; கொழும்பில் இப்பாடத்தைக் கற்பிக்கும் வேறு சிலரும் முன்வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்ஙனம்,
ஓர் ஆங்கில இலக்கிய ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.