"நாஜி" என்ற சொல்லைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் பத்தாம் வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. சமூக ஊடகங்களுக்கு அரசு கட்டுப்பாடு வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த மாணவியைப் பார்த்து எதிரணி மாணவன், "நீ ஒரு நாஜி" என்றான். வகுப்பே கைதட்டியது. அவள் குறிப்புத் தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவனைக் கூப்பிட்டு, "நாஜி என்றால் யாரப்பா?" என்று கேட்டேன். "ரொம்பக் கெட்டவங்க சார்" என்றான். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் தொலைக்காட்சி விவாதங்களில் பெரியவர்கள் பேசுவதைத்தானே அவனும் பேசினான்?

சரி, பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்கலாம் என்று உட்காரவைத்துச் சொன்னேன். நாஜி என்பது ஜெர்மனியில் ஹிட்லரின் கட்சிக்காரர்களுக்குப் பெயர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 ஜனவரியில். ஏப்ரலிலேயே யூத ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றச் சட்டம் வந்துவிட்டது. 1938 நவம்பரில், மிச்சமிருந்த யூதப் பிள்ளைகளையும் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து துரத்தினார்கள். 1941 செப்டம்பரில், 6 வயதைத் தாண்டிய யூதர்கள் எல்லோரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று உத்தரவு. போர் முடிவதற்குள் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். ஆறு வயது என்றதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் தங்கை நம் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

கொரோனா காலத்தில் சில நாடுகளில் தடுப்பூசிக் கட்டுப்பாடுகளை எதிர்த்தவர்கள் அதே மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போனார்கள். எதிர்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த நட்சத்திரத்தை அதற்குப் பயன்படுத்தியது மிகவும் தவறு என்றே நினைக்கிறேன்.

இதற்காக ஒப்பிடவே கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். இணைய வாதம் நீள நீள யாராவது ஹிட்லரை இழுத்துவிடுவார்கள் என்று 1990-இல் சொன்ன அமெரிக்கர் மைக் காட்வின்கூட, யோசித்து ஒப்பிடுங்கள் என்றுதான் பின்னாளில் விளக்கினார். 1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றமே, 444-க்கு 94 என்ற வாக்கில், சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்குத் தூக்கிக் கொடுத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்குள்ளேயே விடவில்லை. இப்படி ஒன்று இன்று எங்காவது நடந்தால் அந்த நாளை நினைவுபடுத்தத்தான் வேண்டும். பார்த்தவர்களையெல்லாம் நாஜி என்று சொல்லிப் பழகிவிட்டால், அன்றைக்கு நம் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

அதனால் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். "அவர் ஹிட்லர் மாதிரி" என்று பிள்ளை வீட்டில் சொன்னால், "எந்த வருஷத்து ஹிட்லர்? என்ன செய்ததில் அவர் மாதிரி?" என்று கேளுங்கள். பதில் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். வராவிட்டால் இருவரும் சேர்ந்து தேடிப் படியுங்கள்.

அப்புறம், அந்த விவாதத்தை வரும் வெள்ளிக்கிழமை மறுபடி நடத்துகிறோம். பாதியில் நிறுத்திய மாணவிதான் முதலில் பேசுவாள். அந்த மாணவனே போய் அவளிடம் கேட்டுக்கொண்டான். முடிந்தவர்கள் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்