கட்டடப் பணத்தில் வாழைக்கன்று வாங்கினோம்

அறக்கட்டளை ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

“எங்கள் பெயரைப் போடாதீர்கள்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அதனால் இந்த நன்றி மடலை வெறும் ‘அறக்கட்டளை’ என்றே எழுதுகிறேன். மொட்டைக் கடிதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடியில் எங்கள் மகளிர் குழுவில் 14 பேர் கையெழுத்தும் மூன்று பேர் கைநாட்டும் இருக்கின்றன.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். வாசலில் கோலம் போட முடியாத மழை. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பின்னால்தான் தெரிந்தது. அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஆறு ஒரு பக்கம், உடைந்த குளம் மறு பக்கம், நடுவில் நாங்கள் என்பதுதான். எங்கள் ஊரில் எந்த வெள்ளத்தையும் 1992-ஓடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். “தொண்ணூத்திரண்டுல இந்தத் திண்ணை வரைக்கும் வந்துது” என்று கையை வைத்துக் காட்டுவார் எங்கள் மாமா. இந்த முறை திண்ணையே இல்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நின்றுபோய், 800 பேர் வரை மாட்டிக்கொண்டதை உலகமே பார்த்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். கேமரா அங்கே நின்றதில் தப்பில்லை. ஆற்றங்கரையில் உள்ளடங்கிக் கிடக்கிற எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கேமரா வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் நீங்கள் பிள்ளைகளின் படிப்பகக் கட்டடத்துக்கு முதல் தவணை அனுப்பியிருந்தீர்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி வைத்திருந்தோம். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் குழி இருந்த இடமே தெரியவில்லை, வண்டல் மூடிவிட்டது. பணம் மட்டும் பேங்கில் பத்திரமாக இருந்தது. எதிரே ஊர் பட்டினி கிடக்கிறது. இதைத் தொடலாமா, தொட்டால் கணக்குக் கேட்பார்களே என்று எனக்கு ஒரே நடுக்கம். போனில் சிக்னல் கிடைத்ததும் உங்கள் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். நான் இழுத்து இழுத்துப் பேசி முடிப்பதற்குள் அவர், “கட்டடம் எங்கம்மா ஓடிப் போகுது? முதல்ல ஜனங்களப் பாருங்க, காகிதத்தைப் பிறகு பார்ப்போம்” என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். இந்த மடலே அந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

முதல் பத்து நாள் பொதுச்சமையல், கிணறு இறைப்பு, பிளீச்சிங் பவுடர், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். அதை விரித்து எழுத ஒன்றுமில்லை. அரசாங்கத்தின் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக வந்தது, அதுவும் உதவியது. லாரி லாரியாகப் பழைய சேலையும் வந்தது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிழிந்த சேலையைத் தரம் பிரிப்பதற்கே இரண்டு நாள் போனது.

உண்மையான கஷ்டம் தை பிறந்த பிறகுதான் தொடங்கியது. எங்கள் பிழைப்பு வாழை. பாதிப் பேருக்குச் சொந்த நிலம் கிடையாது, வாய்ப்பேச்சில் குத்தகை. பயிர் நிவாரணம் என்றால் காகிதத்தில் பேர் இருக்க வேண்டும்; நட்டவன் பேர் எங்கே இருக்கிறது? தார் வெட்டுகிற பருவத்தில் வாழை அத்தனையும் சாய்ந்து கிடந்தது. வயலில் முழங்கால் அளவு மணல். நகையை அடகு வைத்து நட்டவர்களுக்குத் திருப்பவும் வழியில்லை, மறுபடி நடவும் வழியில்லை.

மறுபடியும் உங்களிடம்தான் வந்தோம். நீங்கள் திட்ட அறிக்கை கேட்கவில்லை. இரண்டு பேர் பஸ்ஸில் வந்து, வரப்பில் நடந்து, என் வீட்டுத் திண்ணை இருந்த இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, “என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க” என்றீர்கள். மணல் அள்ள ஜேசிபி வாடகை, கன்று விலை, ஆறு மாதக் கூலி என்று சொன்னோம். யாருக்கு முதலில் என்பதையும் எங்களையே முடிவு செய்யச் சொன்னீர்கள். அதில் எங்களுக்குள் பெரிய சண்டை, என் மதினி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. போகட்டும், இப்போது பேசுகிறாள்.

ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். விலை மலிவு என்று முதல் லோடு கன்றை நான்தான் ஓர் இடத்தில் வாங்கினேன். நட்ட மூன்றாம் வாரமே கிழங்கு அழுகிப் போயிற்று. மறைக்காமல் உங்களுக்கு எழுதினேன். “சரி, இந்தத் தடவை விவரம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போய் வாங்குங்க” என்று பதில் வந்தது, கூடவே பணமும் வந்தது. பில் கிடைக்காத செலவுக்கு நோட்டில் எழுதிக் கைநாட்டு வாங்கி அனுப்பியதையும் ஏற்றுக்கொண்டீர்கள். ஒரு பேனர் கட்டவில்லை. பையை நீட்டுகிறபோது போட்டோ எடுக்கவில்லை. வாங்குகிற கைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது கார்த்திகை. அடுத்த மாதம் வந்தால் ஒரு வருஷம். மாசியில் நட்ட வாழை குலை தள்ளி நிற்கிறது, கம்பு வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். வானம் இருட்டினால் இன்னும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. படிப்பகத்துக்கு இரண்டாம் தடவை வானம் தோண்டியாயிற்று, இந்த முறை மேட்டுத் தெருவில்.

தை பிறந்ததும் முதல் தார் வெட்டுவோம். அதை உங்களுக்குப் பார்சல் போட்டால் கன்றிவிடும். நீங்களே வந்துவிடுங்கள். செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினால் போதும், ஆட்டோவோடு என் கொழுந்தன் நிற்பான்.

இப்படிக்கு,
மகளிர் குழுச் செயலாளரும் மற்ற 16 பேரும்