கோரிக்கை மனு: கோயில் கூரை வேயும் சதுப்புப் புல்லை அடையாளங்கண்டு, அது வளரும் இடங்களை அளந்து பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்: மந்துப் (தோடர் குடியிருப்புப்) பெரியவர்களும் இளைஞர்களும், உதகமண்டலம் வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

தோடர்களாகிய நாங்கள் எருமைப் பாலைப் புனிதமாகக் கையாளும் பால் கோயில்களின் கூரைக்கு ஓடும் தகரமும் ஆகாது. பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தாற்போல் வளைந்த மூங்கில், பிரம்புச் சட்டத்தின் மேல் அதற்குரிய புல்லைத்தான் வேய்கிறோம். அந்தப் புல் காய்ந்த மலைச்சரிவில் வராது. நீர் கசிந்துகொண்டே இருக்கும் பள்ளச் சதுப்பில்தான் குத்துக்குத்தாக வளரும்.

தாவரவியலார் இதனை எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரியை என்பர். தென்னிந்தியப் புற்களுக்கு 1921இல் கையேடு எழுதிய ரங்காச்சாரியாரின் பெயரைத் தாங்கிய, நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளுக்குரிய இனம் இது. நெருங்கிய கதிரில் பொன்பழுப்பு நிறப் பட்டுமயிர் இருக்கும். தர்ப்பை இனப் புல்லின் வெண்பஞ்சுக் கதிரோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். கதிர் இல்லாத காலத்தில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே கோரையாகத்தான் தோன்றும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் எங்கள் மந்துக் குடியிருப்பை ஒட்டிய சதுப்பு வருவாய்ப் பதிவேட்டில் "தீர்வை ஏற்படாத தரிசு" என்றே உள்ளது. தரிசு என்று எழுதிவிட்டால் மண் கொட்டலாம், வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கலாம், மரமும் நடலாம் என்றாகிவிடுகிறது. மேட்டிலிருந்து சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் இறங்குகின்றன. ஓரங்களில் கிக்குயூ என்னும் அயல்நாட்டுப் புல் படர்கிறது. சதுப்பு வற்றினால் இந்தப் புல்லை வேறிடத்தில் நட்டு ஈடுகட்ட முடியாது. எருமைகளுக்கும் அதுவே மேய்ச்சல், கீழே உள்ள ஓடைக்கும் அதுவே ஊற்று.

ஆகவே, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மைய வல்லுநர்கள், வனத்துறையினர், நில அளவர் ஆகியோரைக் கொண்டு புல் கதிர்விடும் பருவத்தில் கூட்டுக் கள ஆய்வு நடத்த ஆணையிட வேண்டுகிறோம். கூரை வேயப் புல் அறுக்கும் எங்கள் பெரியவர்களும் உடன் வர வேண்டும். எந்தப் பள்ளத்தில் எது வளரும் என்பது அவர்களுக்கே தெரியும். கண்டறிந்த இடங்களைச் சதுப்பு நிலமாகப் பதிவேட்டில் திருத்தி, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் புல் அறுக்கும் சமூக உரிமையையும் பதிந்து தர வேண்டும். ஆய்வு முடியும்வரை அங்கே மரம் நடுதல், மண் கொட்டுதல், தடுப்பணை கட்டுதல் எதற்கும் அனுமதி தர வேண்டாம். சீகையை அகற்றுவதாயின் வேரோடு பிடுங்கிச் சதுப்பைக் கிளறாமல், ஓரத்திலிருந்து கையால் வெட்டி எடுக்கப் பணிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: கதிருடன் கூடிய புல்லின் புகைப்படங்கள், புல எண் பட்டியல்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மந்து மக்கள்