கிரேப் பேப்பரில் செம்பருத்தி: இதழ் ஏன் தொங்கிப்போகிறது?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"இதழ் விரியவில்லை, ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடுகிறது" என்று சிவப்பு கிரேப் பேப்பரைத் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள். பெரும்பாலும் பேப்பரில் குறை இருப்பதில்லை. வெட்டிய திசைதான் மாறியிருக்கும்.

தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். சுருக்கக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். அவற்றுக்குக் குறுக்கே இழுத்தால்தான் தாள் விரியும். ஆகவே கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்குப் போகும்படி வெட்டுங்கள். படுக்கை வாட்டில் வெட்டினால், இதழ் தன் எடையிலேயே நீண்டு தொய்ந்துவிடும்.

180 கிராம் தாளில் (கனமான வகை) விசிறி வடிவில் ஐந்து இதழ்: உயரம் 7 செ.மீ., மேல் அகலம் 5, அடி 1. ஒவ்வொன்றையும் கொசுவம் போல மடித்து, ஒருமுறை முறுக்கிப் பிரித்தால் நரம்பு விழும். பிறகு மேல் ஓரத்தை இரண்டு கை நக நுனியால் பிடித்து, ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னுமாக நெளித்துக்கொண்டே போங்கள். நடுவில் கட்டைவிரலை வைத்துக் குழியாக்க வேண்டாம். அது ரோஜாவுக்கான வேலை. செம்பருத்தி வெளிப்பக்கம் மலர்கிற பூ. சுருக்கம் முழுதும் போகுமளவு இழுத்த தாள் திரும்ப எழாது.

பூவுக்கு உயிர் தருவது நடுத்தண்டு. 22 கேஜ் கம்பியில் (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு; எண் கூடினால் கம்பி மெல்லிசு) சிவப்புத் தாளைச் சுற்றுங்கள். நுனியில் ஐந்து சிவப்பு நூல், முனையில் புள்ளியாகப் பசை. அதற்குக் கீழே 2.5 செ.மீ. அளவுக்கு மஞ்சள் தாளை மெல்லிய குஞ்சமாக நறுக்கி, இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். நெருக்கிச் சுற்றினால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருக்கும். மகரந்தத்துக்கு மஞ்சள் ரவை தூவுகிறவர்கள் உண்டு. சில வாரத்தில் வண்டு வந்துவிடும். தண்டு இதழைத் தாண்டி ஓரிரு செ.மீ. நீட்டியிருக்கட்டும்.

கட்டும்போது ஒவ்வொரு இதழின் ஒரு ஓரம் பக்கத்து இதழின் மேலும், மறு ஓரம் அடுத்ததன் கீழும் போக வேண்டும். ஐந்தாவதன் ஓரத்தை முதல் இதழுக்கு அடியில் செருகுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடியில் ஐந்து முனையுள்ள பச்சைக் கிண்ணம், அதற்கும் கீழே குச்சி போல ஆறேழு சிற்றிலைகள்.

இலைக்குக் கோடுகள் சாய்வாக ஓடும் இரண்டு பாதிகளை வெட்டி, நடுவே 26 கேஜ் கம்பி வைத்து ஒட்டினால் நரம்பு தானாக அமையும். பல் வெட்டு மேல்பாதியில் மட்டும் போதும்.

காம்பில் சுற்றும் பச்சை டேப் ஒட்டவில்லை என்றால் இன்னும் இழுத்துச் சுற்றுங்கள். இழுத்தால்தான் அதிலுள்ள மெழுகு பிசுபிசுக்கும். இழுத்தவுடன் அறுந்தால் பழைய சரக்கு, மாற்றித் தருகிறோம். பசையில் தண்ணீர் கலந்தால் சிவப்புச் சாயம் இறங்கும். இதழின் அடியைக் கருஞ்சிவப்பாக்க, உலர்ந்த சாக் பேஸ்டல் (வண்ணச் சுண்ணக்குச்சி) தூளைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள்.

அடைமழை நாட்களில் ஈரக்காற்றில் தாள் தளரும். மீதித் தாளைச் சுருட்டியபடியே பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்கள்