நாக்பூரில் எங்களை இறக்கிவிட்ட இரவு: விமான நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்

பொருள்: சென்னை – டெல்லி இரவு விமானம் நடுவானில் பழுதானது, அதன்பின் உங்கள் ஊழியர்கள் எங்களை நடத்திய விதம், டிக்கெட் பணம் திரும்பத் தருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இதை மீனம்பாக்கம் கவுன்டரில் சொன்னேன், சிட்டி ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் மெயில் அனுப்பச் சொன்னார்கள். மெயிலுக்கு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வருகிறது. நான் சொன்னது கருத்தா ஐயா? கால் சென்டரில் எடுக்கிற ஒவ்வொருவரும் பி.என்.ஆர். நம்பரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதையும் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானி மேல் எனக்குப் புகார் இல்லை. கேபினில் காற்றழுத்தம் குறைந்து ஆக்ஸிஜன் முகமூடிகள் விழுந்ததும் விமானத்தை மளமளவென்று 10,000 அடிக்குக் கொண்டுவந்து, நாக்பூரில் பத்திரமாக இறக்கினார். அவருக்கு என் நன்றியைச் சேர்ப்பித்துவிடுங்கள்.

ஆனால் முகமூடியைப் பற்றி யார் எங்களுக்குச் சொன்னார்கள்? என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, தமிழ் மட்டும்தான் தெரியும். முகமூடியில் தொங்கும் பை உப்பவில்லை என்றதும் அது வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கழற்றிவிட்டார். நான்தான் பிடித்துத் திரும்ப மாட்டினேன். பை உப்பாவிட்டாலும் ஆக்ஸிஜன் வரும் என்பதை நீங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓட்டிவிட்டுப் போகிறீர்கள். சென்னையிலிருந்து கிளம்புகிற விமானத்தில் தமிழில் ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? 35,000 அடியில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஒரு மனிதர் தெளிவோடு இருப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. இது உங்களுக்குத் தெரியாததா?

அடுத்து அந்தக் கருகல் வாடை. தலைக்கு மேலே இருக்கிற ஆக்ஸிஜன் ஜெனரேட்டர் ரசாயனத்தால் வேலை செய்வது, சூடாகும், வாடை வரும், கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். இதெல்லாம் உங்கள் விமானம், உங்கள் கருவி. எங்களுக்கு எப்படித் தெரியும்? பின்வரிசையில் "தீ, தீ" என்று ஒரே கூச்சல். இறங்குகிற நேரத்தில் பணிப்பெண்களும் முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அது சரி. விமானம் சமநிலைக்கு வந்த பிறகாவது மைக்கில் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பணிப்பெண் மட்டும் கையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

நாக்பூர் கவுன்டரில் இருந்த உங்கள் ஊழியருக்கு வருகிறேன். காது வலியில் அம்மா அழுதுகொண்டிருக்கிறார், டாக்டர் வேண்டும், அடுத்த விமானம் எப்போது என்று கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "உயிரோடு இறங்கிவிட்டீர்கள் அல்லவா, இன்னும் என்ன வேண்டும்?" என்று இந்தியில் கேட்டார். அத்தனை பேர் முன்னால் கேட்டார். இன்றும் படுத்தால் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது. அந்த ஆள் இன்னும் அதே கவுன்டரில்தான் இருக்கிறாரா? இருந்தால் உங்கள் நிறுவனத்துக்கு வெட்கம் இல்லை என்றுதான் சொல்வேன்.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஆஸ்திரேலிய நிறுவனமான க்வான்டாஸின் விமானத்தில் இன்ஜின் வெடித்தது. பத்திரமாக இறக்கிய பிறகு அதன் கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பயணிகளிடம் நேரில் வந்து பேசி, தன் போன் நம்பரையும் கொடுத்தார். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லச் சொன்னோம்.

டெல்லியில் என் தங்கை மகளுக்கு மறுநாள் காலை முகூர்த்தம். நான் தாய்மாமன். சீர்ப்பட்டு என் பெட்டியில் இருந்தது, பெட்டி உங்கள் விமானத்தின் வயிற்றில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு தலைமுறை உறவை அறுத்துவிட்டீர்கள், கோடி ரூபாய் கொட்டினாலும் இதற்கு ஈடாகாது. "முன்கூட்டியே போயிருக்கலாமே" என்றார் கால் சென்டரில் ஒருவர். நள்ளிரவுக்குள் டெல்லியில் இறக்குவதாகச் சொல்லிக் காசு வாங்கியது யார்?

விடிய விடிய அந்த இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தீர்கள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி இருக்கிறது. நீங்களோ 'எங்கள் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணம்' என்று எழுதுகிறீர்கள். வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். உங்கள் விமானத்தைப் பராமரிப்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லையா?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இரண்டு டிக்கெட்டின் முழுப் பணமும் அம்மாவின் காது வைத்தியச் செலவும் வர வேண்டும். என்ன பழுது என்று எழுத்தில் தர வேண்டும். அந்தக் கவுன்டர் ஊழியர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தெரிய வேண்டும். அம்மாவிடம் தமிழில் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வர வேண்டும்.

பெரிய நிறுவனம், நல்ல பதில் தருவீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். இந்த மாதத்துக்குள் வரவில்லையென்றால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்வேன், டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதுவேன், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடுவேன். போர்டிங் பாஸ், டாக்டர் சீட்டு, நீங்கள் அனுப்பிய 'நன்றி' மெயில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
அம்மாவோடு அந்த விமானத்தில் வந்த பயணி