உள்நோயாளி மருந்தகத்தின் மேற்பார்வை குறித்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறையின் அரசுச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் உள்நோயாளி மருந்தகத்தில் நெடுங்காலம் பொறுப்பு வகித்து, தலைமை மருந்தாளுநராகப் பணி நிறைவு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது கூட்டங்களில் வாய்மொழியாகச் சொல்லிவந்த ஒரு கோரிக்கையை இப்போது எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன். உள்நோயாளி மருந்தகத்தின் மேற்பார்வையாளர் இன்றைக்கு இருப்புக்குக் கணக்குச் சொல்பவராக மட்டுமே நடத்தப்படுகிறார். அவர் கையிலிருந்து போன மருந்து சரியான வலிமையில், சரியான கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவரைக் கேட்பவர் எவருமில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் அளவுக்கு அவருக்கு நேரமோ அதிகாரமோ கொடுக்கப்படவில்லை. இந்த நிலையை எழுத்துபூர்வமான ஓர் ஆணையால் மாற்ற வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

குறை சொல்லும் முன் ஒன்றைப் பெருமையோடு பதிவுசெய்ய வேண்டும். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்து, ஆய்வகச் சோதனையில் தேறிய தொகுதிகளை மட்டும் மாவட்டக் கிடங்குகளிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கீட்டுக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளச் செய்த முறையைக் கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் தத்தம் தேவைக்கேற்ப எடுத்தாண்டன. தொழிற்சாலையிலிருந்து எங்கள் ஸ்டோர் வாசல் வரை ஒரு மாத்திரை கடந்து வரும் பாதை முழுவதும் யாரோ ஒருவர் பொறுப்பில் இருக்கிறது. ஸ்டோர் வாசலிலிருந்து நோயாளியின் கட்டில் வரை உள்ள சில நூறு அடிதான் பொறுப்பாளர் இல்லாத தூரம்.

உள்நோயாளி மருந்தகத்தின் அன்றாட வேலையை அருகிருந்து பார்க்காதவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். வெளிநோயாளி கவுன்டரில் சீட்டும் நோயாளியும் சேர்ந்தே வருவார்கள். ஐயம் எழுந்தால் வயதைக் கேட்கலாம், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரிக்கலாம். உள்நோயாளிப் பிரிவிலோ காலையில் வார்டிலிருந்து, தேவையான மருந்துகளைக் கேட்டெழுதும் இன்டென்ட் புத்தகம் மட்டும்தான் வரும். பான்டோப்ரசோல் ஊசி இத்தனை, செஃப்ட்ரையாக்சோன் இத்தனை, நார்மல் சலைன் இத்தனை பாட்டில் என்று வார்டுக்கு மொத்தமாக எழுதியிருக்கும். யாருக்கு, எந்த நோய்க்கு, எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு, சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்ற எந்த விவரமும் அதில் இராது. மருத்துவமனையிலேயே உடல்நிலை மிக மோசமாக இருப்பவர்களுக்குப் போகும் மருந்தைத்தான் மருந்தாளுநர் எதுவும் தெரியாமல் எண்ணிக் கொடுக்கிறார் என்பது எனக்கு எந்நாளும் உறுத்தலாகவே இருந்தது.

இரண்டு மருந்துகளைச் சொல்கிறேன். இவற்றைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் தகும். முதலாவது, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின். ஐந்து மில்லி குப்பி ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட் இருப்பதும் உண்டு, 25,000 யூனிட் இருப்பதும் உண்டு. குப்பியின் அளவு ஒன்றேதான். பொடி எழுத்தில் மில்லிக்கு 1,000 என்றோ 5,000 என்றோ அச்சிட்டிருப்பதைப் படித்தால்தான் வேறுபாடு தெரியும். ஒரு வலிமைக்கே பழகிப்போன வார்டுக்கு மற்றது போய்ச் சேர்ந்தால், இரவுப் பணியில் ஒற்றை ஆளாக நிற்கும் செவிலியரின் கை பழக்கப்படி அதே மில்லியைத்தான் உறிஞ்சும்.

இரண்டாவது இன்சுலின். நம் வார்டுகளில் பெரும்பாலும் புழங்குவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும், அதற்கென்றே உள்ள சிவப்பு மூடிச் சிரிஞ்சும். இருப்பு தீர்ந்து அவசரத்துக்கு உள்ளூர்க் கொள்முதலில் 100 யூனிட் குப்பி வந்துவிட்டால், அதற்குரிய ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு கூடவே வருவதில்லை. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை அந்தக் குப்பியிலிருந்து எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு இன்சுலின் ஏறிய நோயாளி நள்ளிரவில் வியர்த்து மயங்கும்போது, அதன் காரணம் மருந்தகத்திலிருந்து குப்பி கிளம்பிய பிற்பகலிலேயே தொடங்கிவிட்டது என்று யாருக்கும் தோன்றாது.

இத்தகைய மாற்றம் அரிதாக நிகழ்வதன்று. ஒப்பந்தப் புள்ளி மாறும்போது நிறுவனம் மாறுகிறது; நிறுவனம் மாறினால் லேபிளின் நிறமும், மூடியின் நிறமும், சில வேளைகளில் ஆம்பூல் எனப்படும் சிறு ஊசிமருந்துக் குப்பியின் வடிவமும் மாறுகின்றன. நேற்றுவரை பச்சை லேபிளில் வந்த ஊசிமருந்து இன்று நீலத்தில் வர, நீலத்தில் வந்துகொண்டிருந்த வேறொன்று இப்போது பச்சையில் வரும். ஆண்டுக்கணக்கில் நிறத்தை வைத்தே அலமாரியில் கைவைத்துப் பழகியவர்கள் வார்டில் இருக்கிறார்கள். ஆகவே புதிய சரக்கை வெளியே அனுப்பும் முன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, பழையதோடு ஒப்பிட்டு, எந்த வார்டுக்கு என்ன எச்சரிக்கை தர வேண்டும் என்று முடிவெடுத்து, குப்பியை நேரில் கொண்டுபோய்ச் செவிலியர் கண்காணிப்பாளரிடம் காட்டுகிற ஒருவர் மருந்தகத்தில் இருந்தாக வேண்டும். மேற்பார்வை என்று நான் சொல்வதன் சாரம் இதுதான். ஆனால் இன்றைய தலைமை மருந்தாளுநர் அந்தப் பிற்பகலில் எங்கே இருப்பார் என்றால், கணினிப் பதிவும் இருப்புப் பதிவேடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது வெளிநோயாளி வரிசை நீண்டுவிட்டதால் கவுன்டரில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்.

வார்டு அலமாரிகளின் நிலையும் கவலைக்குரியது. கேட்கும்போது கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் எல்லா வார்டுகளும் தேவைக்கு மேல் கைவசம் வைத்துக்கொள்கின்றன. இதற்காகச் செவிலியர்களைக் குறைகூற மாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். விளைவு என்னவென்றால், ஒரு வார்டில் காலாவதியாகும் மருந்து அடுத்த வார்டில் இல்லை என்று வெளியே எழுதிக்கொடுக்கப்படுகிறது. இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய ஆக்ஸிடோசினும் இன்சுலினும், அடிக்கடி திறந்து மூடப்படும் குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் நிற்கின்றன. எல்லாவற்றையும்விட என்னை அஞ்சவைப்பது செறிவான பொட்டாசியம் குளோரைடு. பத்து மில்லி ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் (உப்பின் அளவைக் குறிக்கும் அலகு) உள்ள இதைப் பாட்டிலில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்; கலக்காமல் நேராக நரம்பில் செலுத்திவிட்டால் இதயம் நின்றுவிடும். ஊசிமருந்து கலக்கப் பயன்படும் தண்ணீரும் இதேபோன்ற பத்து மில்லி ஆம்பூலில்தான் வருகிறது, பல வார்டுகளில் இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. செறிவான இந்த உப்புக் கரைசல்களைப் பொது வார்டுகளின் இருப்பிலிருந்து அகற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது.

மார்ஃபினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் மார்ஃபின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. நோயாளியின் பெயரோடு பதிவேட்டில் ஏறுகிறது. ஓர் ஆம்பூல் குறைந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். அதே மருந்தகத்தில், அதே ஆட்களைக் கொண்டுதான் இது நடக்கிறது. ஆகவே இவ்வளவு கவனம் நம்மால் முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. திருட்டுக்கு அஞ்சிச் செய்வதை உயிருக்கு அஞ்சியும் செய்யலாம்.

ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் மேற்பார்வையைப் பற்றிப் பேச முடியாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வாகி வரும் இளைஞர்கள் நன்றாகப் படித்தவர்கள், கற்றுக்கொள்ளும் ஆவல் மிக்கவர்கள். அவர்களைச் சேர்ந்த நாளிலேயே கவுன்டரில் நிறுத்தி, அடுத்த வாரமே இரவுப் பணிக்குத் தனியாக அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இரவு பதினொரு மணிக்கு ஒரு வார்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான அளவில் இன்டென்ட் வந்தால், பணியில் இருக்கும் பட்டமேற்படிப்பு மருத்துவரை அழைத்து “ஐயா, இது எந்த நோயாளிக்கு?” என்று கேட்கும் துணிச்சல் புதிதாக வந்தவருக்கு எளிதில் வராது. கேட்பது உன் கடமை, கேட்டதற்காக யாரும் உன்னைக் கடிந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஒரு மூத்தவர் பின்னால் இருந்தால் வரும். என்னிடம் பயிற்சி பெற்ற ஓர் இளம் மருந்தாளுநர், குழந்தைகள் வார்டுக்கு என்று வந்த ஒரு சீட்டில் பெரியவர்களுக்குரிய அளவு இருப்பதைக் கண்டு, கொடுக்காமல் நிறுத்திவைத்துத் தொலைபேசியில் உறுதிசெய்தார், சீட்டு திருத்தப்பட்டது. அவருக்கு அப்போது கிடைத்தது, தாமதம் செய்தார் என்ற புகார். அந்தப் புகாரை எதிர்கொள்வதற்கு மேற்பார்வையாளர் என்ற பெயரில் ஓர் அதிகாரம் எனக்கு எழுத்தில் இருந்ததில்லை. தனிப்பட்ட மரியாதையை வைத்துத்தான் சமாளித்தேன்.

தணிக்கையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இருப்பில் குறைவு கண்டால் தணிக்கைத் தடை எழுகிறது, சம்பளத்தில் பிடித்தம் வருகிறது. பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தவறாகப் போன மருந்தை வார்டிலிருந்து திரும்பப் பெற்றேன் என்று பதிவுசெய்தால் அதுவும் விளக்கம் கேட்கும் குறிப்பாணையில் முடியும் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் பதிவுசெய்ய மாட்டார்கள். நோயாளியை அடையும் முன் பிடிபட்ட தவறுகளைப் பற்றிய செய்திதான் ஒரு மருந்தகத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக மதிப்புள்ள தகவல். எந்த இரண்டு பெட்டிகளை அருகருகே வைக்கக் கூடாது, எந்த நேரத்தில் ஆள் போதவில்லை என்பதை அதைக் கொண்டுதான் அறிய முடியும். அந்தப் பதிவேடு தணிக்கைக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும்.

நான் கேட்பது எதுவும் சட்டத்துக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், மருத்துவரின் சீட்டின்படி மருந்து வழங்கும் பணியைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உரியதாக்குகிறது. அரசு மருத்துவமனைகளுக்கு விற்பனை உரிமம் பெறுவதிலிருந்து விலக்களிக்கும் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் ‘கே’ அட்டவணையும், தகுதி பெற்ற ஒருவராலோ அவருடைய மேற்பார்வையிலோதான் மருந்து வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்த விலக்கைத் தருகிறது. அந்த நிபந்தனை ஏட்டளவில் நிற்காமல் இரவிலும் விடுமுறை நாளிலும் நிறைவேற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எனவே, ஒவ்வொரு பணிமுறையிலும் உள்நோயாளி மருந்தகத்துக்குப் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பு மருந்தாளுநர் இருக்கவும், அவரை அந்த நேரத்தில் கவுன்டருக்கோ பதிவேட்டு வேலைக்கோ அனுப்பக் கூடாது என்றும் ஆணையிட வேண்டுகிறேன். தலைமை மருந்தாளுநரும் செவிலியர் கண்காணிப்பாளரும் மாதம் ஒருமுறை சேர்ந்து வார்டு அலமாரிகளைப் பார்வையிட்டு, மிகுதியைத் திரும்பப் பெறவும், தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்கள் நீங்கலாக மற்ற வார்டுகளிலிருந்து செறிவான பொட்டாசியம் குளோரைடை அகற்றவும் அதிகாரம் தர வேண்டும். மருந்தின் வலிமையோ தோற்றமோ மாறும்போது புதிய பொருளின் படத்தோடு ஒரு குறிப்பை முதல் தொகுதியோடு சேர்த்தே அனுப்பும்படி மருத்துவப் பணிகள் கழகத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றுக்கு மட்டுமாவது நோயாளியின் பெயரும் எடையும் எழுதிய தனி இன்டென்ட்டைக் கட்டாயமாக்க வேண்டும்; எல்லா மருந்துக்கும் உடனே கேட்டால் வார்டுகளால் தாங்க முடியாது என்பதை அறிவேன்.

பணியிடங்களுக்கு நிதி எங்கே என்ற கேள்வி எழும். முதல் கட்டத்துக்குப் புதிய மருந்தாளுநர் பணியிடமே தேவையில்லை. தலைமை மருந்தாளுநரின் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்னும் பதிவேட்டு வேலையை ஒரு தரவுப் பதிவாளரிடம் ஒப்படைத்தால் அவருடைய பிற்பகல் முழுவதும் மீளும். அடுத்த கட்டத்தில், நாட்டில் 2008 முதல் நடத்தப்படும் ஆறாண்டு ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) படிப்பை முடித்தவர்களை வார்டு சுற்றுகளில் மருத்துவர்களோடு செல்லும் மருந்தாளுநர்களாக நியமிப்பதைப் பரிசீலிக்கலாம். அந்தப் படிப்பு அதற்காகவே வகுக்கப்பட்டது, ஆனால் நம் அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கென்று ஓர் இடம் இன்னும் சரியாக அமையவில்லை.

2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் நம் மாநிலத்தில் திறக்கப்பட்டன. பழைய மருத்துவமனைகளில் ஊறிப்போன வழக்கங்கள் அங்கே இன்னும் வேர்விட்டிருக்காது. அவற்றில் ஏதேனும் இரண்டிலாவது வரும் நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து இம்முறையை நடத்திப் பார்க்கவும், ஆணையின் வரைவைத் தயாரிக்கும்போது பணியில் இருக்கும் மருந்தாளுநர்களையும் செவிலியர்களையும் அழைத்துக் கேட்கவும் வேண்டுகிறேன். வரைவுக்கு உதவும் வகையில், நான் பயன்படுத்திவந்த பணி ஒப்படைப்புப் படிவத்தையும் வார்டு ஆய்வுப் படிவத்தையும் இம்மடலின் பிரதியோடு இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை மருந்தாளுநர் ஒருவர்