தின்னது மட்டும் காரணமில்லையாம்

பூம்பாறை
செவ்வாய் ராத்திரி

அடியே சாந்தி,

எட்டு மாசமா பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. பூண்டு எடுத்துக் காயவச்சது, பள்ளிக்கூடப் பரீட்சை, மாமியாருக்கு முழங்கால் வலின்னு நாள் போயிடுச்சு. மத்தபடி எல்லாரும் சுகம். மேரி டீச்சர் இன்னும் அதே குடையோடதான் வர்றாங்க.

எழுத உக்காந்தது என் மக நிலாவைப் பத்தி. 14 வயசு, 78 கிலோ. போன மாசம் கீழே ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். சர்க்கரை எல்லையில நிக்குதாம். “வாயைக் கட்டச் சொல்லுங்க”ன்னு அவ முன்னாடியே சொல்லிட்டார். கொடைக்கானல்ல பஸ் மாறுற வரைக்கும் பிள்ளை ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பலை. நானும் பேசலை. அவ தட்டுல விழுற இட்லியை எண்ணிக்கிட்டு இருந்தவதானே நானும்.

அப்புறம்தான் ராத்திரி ராத்திரியா படிச்சேன். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஜெஃப்ரி கார்டனோட ஆய்வுக்கூடம். குடல்ல ஒரு கிருமிகூட இல்லாம வளர்த்த எலிகளுக்கு, சாதாரண எலியோட குடல் பாக்டீரியாவைக் குடுத்துப் பார்த்திருக்காங்க. ரெண்டே வாரத்துல உடம்புக் கொழுப்பு சுமார் 60 சதவீதம் ஏறிடுச்சு. இது 2004ல வெளியான ஆய்வு. அந்த எலிங்க தின்னதோ முன்னைவிடக் கம்மி! அந்த வரியைப் படிச்சதும் எந்திரிச்சுப் போய், தூங்குற பிள்ளையைப் பார்த்துட்டு வந்தேன்.

2013ல அதே கூடத்துல இன்னொண்ணு. இரட்டைப் பிறவிகள்ல ஒருத்தி பருமன், ஒருத்தி ஒல்லி. பருமனானவளோட குடல் பாக்டீரியா போன எலிதான் கொழுத்துச்சு. ரெண்டு வகை எலியையும் ஒரே கூண்டுல விட்டா, ஒண்ணோட புழுக்கையை இன்னொண்ணு தின்னும் (நீ மூக்கைப் பொத்திக்கோ). ஒல்லி எலியோட பாக்டீரியா அப்படியே மத்ததுக்குள்ள குடியேறி, கொழுக்க விடாமத் தடுத்துச்சு. ஆனா கொழுப்பு கூடின, நார் குறைஞ்ச தீனி போட்டப்போ அது குடியேறவே இல்லை.

அதனால நிலா இளைக்கறதுக்குன்னு உங்க வீட்டுக்காரர் சொன்ன அந்த பாக்டீரியா மாத்திரை இப்போ வேண்டாம்டி. மனுஷங்ககிட்ட கதை இவ்வளவு சுளுவா முடியலை. நெதர்லாந்துல ஒல்லியானவங்க மலத்துல இருந்து பாக்டீரியாவை எடுத்துப் பருமனானவங்களுக்குக் குடுத்தாங்க. 2012ல அதைப் பத்தி எழுதியிருக்காங்க. இன்சுலின் கொஞ்சம் நல்லா வேலை செஞ்சுச்சு, எடை குறையலை.

என்னை உறுத்துறது தீனிதான். நம்ம மலைப்பூண்டுல ஃப்ரக்டான்னு ஒரு நார் இருக்கு. நமக்குச் செரிக்காது, பெருங்குடல் பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. 2019ல புவிசார் குறியீடு வாங்கின அந்தப் பூண்டை மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு அனுப்பிட்டு, பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கிக் குடுத்திருக்கேன். இப்போ சாமைச் சோறு, பட்டாணி, பூண்டுக் குழம்புன்னு வீடே மாறியிருக்கு. அவளுக்கு மட்டும் தனித் தட்டு கிடையாது, எல்லாருக்கும் அதேதான்.

பொங்கலுக்கு வருவேல்ல? வந்ததும் “என்னடி, இன்னும் இளைக்கலையா?”ன்னு அவகிட்ட கேட்டுடாதே. போன தடவை நீ கேட்டதை அவ மறக்கலை. விருப்பாச்சி வாழை ஒரு சீப்பு வாங்கிட்டு வா.

உன்
கலா